ஹைப்போதைராக்சினீமியா: குருதித் தைராக்சின் குறைவு

குறைமாதக் குழந்தையின் மருத்துவக் குறிப்பில் இந்தச் சொல்லைக் கண்டதும் வீட்டில் ‘குழந்தைக்குத் தைராய்டு இருக்காம்’ என்று பேச்சு எழும். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. அது உறுப்பின் பெயர், நோயின் பெயரல்ல.

சொல்லைப் பிரித்தால் ஹைப்போ என்பது குறைவு. கடைசியில் வரும் ஈமியா, குருதியைக் குறிக்கும் ‘ஹைமா’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஆக, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் குருதியில் குறைந்திருக்கும் நிலை. சுரப்பி கெட்டதா இல்லையா என்று இந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை.

தைராய்டு என்ற சொல்லின் வேர் ‘தைரியோஸ்’ என்ற கிரேக்கச் சொல், அதாவது கதவு போன்ற நெடுங்கேடயம். அந்த வடிவம் உண்மையில் குரல்வளையின் குருத்தெலும்புக்கு உரியது. அதை ஒட்டியிருந்த சுரப்பிக்கும் 1656இல் தாமஸ் வார்ட்டன் அதே பெயரை வைத்தார். தமிழில் கேடயச் சுரப்பி. தைராக்சினின் கதை இன்னும் வேடிக்கை. 1914இல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டல், அது இண்டோல் என்ற கரிம வளையம் கொண்ட சேர்மம் என்று நம்பி, அந்தச் சொல்லின் துண்டையும் சேர்த்துப் பெயரிட்டார். 1926இல் ஹாரிங்டன் அமைப்பைக் கண்டறிந்தபோது அதில் இண்டோலே இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஹைப்போதைராய்டிசம் என்பது வேறு: சுரப்பியே போதுமான அளவு சுரக்காத நிலை, தமிழில் ‘தைராய்டு குறைசுரப்பு’. அப்போது தைராக்சின் குறையும், அதைச் சுரக்கத் தூண்டும் மூளையடிச் சுரப்பியின் ஹார்மோனான டிஎஸ்எச் ஏறும். குறைமாதக் குழந்தையில் பெரும்பாலும் காண்பது தைராக்சின் குறைந்தும் டிஎஸ்எச் ஏறாத நிலை. 37 வாரத்துக்கு முன் பிறந்தால் தாயிடமிருந்து நச்சுக்கொடி வழியே வந்த தைராக்சின் சட்டென நின்றுவிடும். மூளையடிச் சுரப்பியோ டிஎஸ்எச்சை உயர்த்தும் பக்குவத்துக்கு இன்னும் வந்திருக்காது. சிகிச்சையில் தரும் டோபமைன், ஸ்டீராய்டு மருந்துகளும் டிஎஸ்எச்சை மேலும் அடக்கும். சில வாரங்களில் பெரும்பாலும் தானே சரியாவதால் ‘குறைமாதத் தற்காலிகத் தைராக்சின் குறைவு’ என்பதே பொருத்தமான தமிழ். இதற்கு எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாக மருந்து தருவதில்லை.

சிக்கல், தற்காலிகக் குறைவின் பின்னால் உண்மையான குறைசுரப்பும் ஒளிந்திருக்கும்போதுதான். பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் துளி இரத்தத்தில் டிஎஸ்எச் மட்டும் பார்த்தால், உண்மையான குறைசுரப்பும் ‘இயல்பு’ என்றே வரலாம். டிஎஸ்எச் பிறகுதான் ஏறும். அதனால் 2 முதல் 4 வாரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஐயம் இருந்தால் சிரை இரத்தத்தில் டிஎஸ்எச்சோடு ஃப்ரீ டி4 (புரதத்தோடு பிணையாத தைராக்சின்) அளவும் பார்க்க வேண்டும். சுரப்பு குறைய இன்னொரு காரணம் அயோடின். தோலில் தடவும் போவிடோன் அயோடினும் ஸ்கேனுக்கான அயோடின் சாயமும் மிகையாகச் சேர்ந்தால் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். வளர்ந்தவர்களின் சுரப்பி அந்தத் தடையிலிருந்து மீண்டுவிடும். முதிராத சுரப்பிக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது.

பிறவிக் குறைசுரப்பு என்று உறுதியானால் மருந்து லெவோதைராக்சின் (செயற்கைத் தைராக்சின்), கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். மில்லிகிராம் அல்ல, mcg என்பது mg என்று ஓர் எழுத்து விடுபட்டால் அளவு ஆயிரம் மடங்காகும். மாத்திரையைப் பொடித்துச் சில துளி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கரண்டியில் கொடுக்க வேண்டும். பால் புட்டி முழுக்கக் கலந்தால், குழந்தை மீதம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். குறைமாதக் குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தையும் கால்சியத்தையும் இதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. குடலில் மருந்து உறிஞ்சப்படாமல் தடுத்துவிடும்.

குறிப்பில் ‘தற்காலிகம்’ என்று எழுதுவதா ‘நிரந்தரம்’ என்று எழுதுவதா என்பது பல குழந்தைகளுக்கு 3 வயதில்தான் தெளிவாகும். மருத்துவர் மேற்பார்வையில் சுமார் 4 வாரம் மருந்தை நிறுத்தி, டிஎஸ்எச்சும் ஃப்ரீ டி4உம் பார்த்து முடிவு செய்வார்கள்.