சுவிட்ச் எழுதிவைக்கும் உயில்

காவேரிப்பட்டணம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கேபிள் அறுந்து நெட் போயிருந்தது, வைஃபை மட்டும் இருந்தது. விளக்குக்குக் கீழேயே நின்று போனில் அழுத்தினாலும் அணையவில்லை. போனும் ஸ்மார்ட் சுவிட்சும் ஒரே வைஃபையில்தானே இருக்கின்றன?"

இருக்கின்றன. ஆனால் இவ்வகைச் சுவிட்சுகளோடு போன் நேரடியாகப் பேசுவதில்லை. உங்கள் கட்டளை, சுவிட்ச் தயாரிப்பாளரின் சர்வருக்கு, அதாவது எங்கோ இயங்கும் அவர்களின் கணினிக்குப் போய்த்தான் திரும்புகிறது. அது மும்பையில் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம்.

சரி, அந்த சர்வர் உங்கள் சுவிட்சை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்டுபிடிக்கவே முடியாது. 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரி வெளியே செல்லாது; கூப்பிடாமல் வருவதை ரூட்டரும் உள்ளே விடாது. அதனால் சுவிட்சே முதலில் வெளியே அழைத்து, அந்த இணைப்பை இரவும் பகலும் விடாமல் பிடித்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பல சாதனங்கள் இதற்கு எம்க்யூடிடி (MQTT) என்ற நெறிமுறையை, அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையைப் பயன்படுத்துகின்றன. ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இரு பொறியாளர்கள் 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கியது. அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. ஆகவே 'இருக்கிறேன்' என்ற செய்தி வெறும் 2 பைட். பதிலும் 2 பைட். அதைவிட அழகு, இணையும்போதே சாதனம் சர்வரிடம் ஓர் உயில் கொடுத்துவைக்கலாம்: 'என் குரல் நின்றுபோனால் இதைச் சொல்லிவிடு.' 60 விநாடிக்குள் பேசுவதாக ஒப்புக்கொண்ட சுவிட்ச், அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி மௌனமானால், சர்வர் இணைப்பைத் துண்டித்து உயிலை வெளியிடும். ஊரில் கரண்ட் போனதை ஓசூரில் வேலையில் இருப்பவரின் போன் சற்றுப் பிந்தி 'ஆஃப்லைன்' என்று காட்டுவது இப்படித்தான். அணைந்துபோன சாதனம் தன் முடிவைத் தானே அறிவிக்கிறது!

சர்வர் படுத்தால் இத்தனை நுட்பமும் வீண். 2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள அமேசான் தரவு மையங்களில் டிஎன்எஸ் கோளாறு; பெயரை வைத்துச் சர்வரின் முகவரியைத் தேடித் தரும் அமைப்புதான் டிஎன்எஸ். நெட் நன்றாக இருந்த வீடுகளிலும் அலெக்ஸா முடங்கியது. 2016இல் ரிவால்வ் என்ற ஸ்மார்ட் வீட்டு மையக் கருவியின் சர்வர் மூடப்பட்டபோது, 299 டாலருக்கு விற்ற அந்தக் கருவி ஒரேயடியாகச் செயலிழந்தது.

வீட்டு விளக்குக்கான கட்டளை வீட்டு வாசலைத் தாண்டவே கூடாது என்பேன். 2022இல் வந்த மேட்டர் (Matter) என்ற ஸ்மார்ட் கருவிகளுக்கான பொதுத் தரநிலை அதை வீட்டுக்குள்ளேயே முடித்துவிடுகிறது. மாந்தோப்பு போர்வெல் மோட்டாருக்கும் நெட் தேவைப்படாத கருவி வேண்டும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் அதைச் செய்ய அரசு நிதி ஒதுக்கட்டும்.

அடுத்த சுவிட்சை வாங்குமுன் கடைக்காரரிடம் சொல்லி, ரூட்டரை அணைக்காமல் வெளியிலிருந்து வரும் நெட் வயரை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்தால் தாராளமாக வாங்கலாம்.