ட்ரவுட் தூண்டில்ல முடிச்சு எப்படி பிடிக்குது, ஏன் அறுது

ட்ரவுட் ரொம்ப உஷாரான மீன், தெளிஞ்ச தண்ணியில கண்ணு நல்லா தெரியும், தூண்டில் நரம்பு தடிமனா இருந்தா இரை பக்கமே வராம போயிடும். அதனால கடைசியா முள்ளுல கட்டுற டிப்பெட் நரம்பு ரொம்ப மெல்லிசா வைக்கணும், 5எக்ஸ்னு சொல்ற சைஸ் சுமார் 0.15 மில்லிமீட்டர்தான். இவ்ளோ மெல்லிசுல நல்ல நரம்பு நடுவுல அறுறது கம்மி, பெரும்பாலும் முடிச்சுலதான் போகும்.

முடிச்சைப் பிடிச்சு வச்சிருக்கறது உராய்வுதான். ஒரு கம்பத்துல நரம்பைச் சுத்தினா சுத்து ஏற ஏற பிடி கூட்டல் கணக்குல ஏறாது, பெருக்கல் கணக்குல ஏறும். உராய்வு எண் 0.2னு வச்சுக்கிட்டா ஒரு சுத்துக்கு 3.5 மடங்கு, ரெண்டுக்கு 12, மூணுக்கு 43 மடங்கு வரும். முடிச்சுக்குள்ள கணக்கு இவ்ளோ சுத்தமா இருக்காது, ஆனா விஷயம் இதான். நரம்பு முனைய முள்ளோட காதுல, அதாவது முள்ளு தலையில இருக்கற ஓட்டையில விட்டு, மெயின் நரம்பு மேல அஞ்சாறு சுத்து சுத்தி, காது பக்கத்துல இருக்கற சின்ன வளையத்துல நுழைச்சு, அப்புறம் புதுசா வந்த பெரிய வளையத்துலயும் ஒரு தடவ விட்டு இழுத்தா அதுதான் இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் முடிச்சு. மெல்லிசு நரம்புக்கு இதுவே போதும்னு நான் அடிச்சு சொல்வேன். தடி நரம்புல சுத்தைக் குறைச்சுக்கணும், இல்லன்னா சரியா உக்காராது.

அறுறது எங்கன்னா, நரம்பு முடிச்சுக்குள்ள நுழையிற இடத்துல. அங்க முழு பாரமும் இருக்கு, கூடவே வளைவும் இருக்கு, வளைவோட வெளிப்பக்கம் அதிகமா இழுபடுது, மேல கிடக்கற சுத்து வேற அமுக்குது. சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குறுக்க கிடந்தா இன்னும் மோசம், அத வெட்டிட்டு புதுசா கட்டிடுங்க.

இறுக்கறதுக்கு முன்னாடி நனைக்கச் சொல்றது சும்மா சடங்கு இல்ல. நைலான் நரம்புல மூலக்கூறு சங்கிலியெல்லாம் நீளவாக்குல இழுத்து அடுக்கியிருக்கும், பலமே அந்த அடுக்குலதான். காஞ்ச நரம்பை வெடுக்குனு இழுத்தா உரசுற சூடு அந்த அடுக்கைக் குலைச்சிடும், நைலான் உருக 200 டிகிரிக்கு மேல வேணும்னாலும் அதுக்கு ரொம்ப முன்னாடியே இளகிடும். எச்சில் போதும், மெதுவா சீரா இழுங்க. ஃப்ளூரோகார்பன்னு இன்னொரு வகை நரம்பு இருக்கு, அது இன்னும் விறைப்பு, அதுக்கு இன்னும் பொறுமை வேணும்.

லீடரையும் (டிப்பெட்டுக்கு மேல வர்ற, அதவிட தடிமனான நரம்பு) டிப்பெட்டையும் சேர்க்க சர்ஜன் முடிச்சு: ரெண்டு நரம்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வளையம் போட்டு, சேர்த்து ரெண்டு தடவ உள்ள விட்டு, நாலு முனையையும் ஒண்ணா இழுக்கணும். தடிமன் வித்தியாசம் இருந்தாலும் பிடிக்கும், குளிர் தண்ணியில விரல் மரத்துப் போனாலும் கட்டிடலாம். பிளட் முடிச்சு அழகா நேரா இருக்கும், ஆனா ரெண்டு நரம்பும் கிட்டத்தட்ட ஒரே தடிமனா இருக்கணும். முள்ளுல கட்டுற பலோமர் முடிச்சுல நரம்பை ரெண்டா மடிச்சு காதுல விடறதால நல்ல பலம், வழுக்கற பிரெய்டு (பின்னல்) நரம்புக்கு பிரமாதம், ஆனா பூச்சி மாதிரி செஞ்ச பொய் இரை (ஈ) கட்டுற பொடி முள்ளோட காதுல மடிச்ச நரம்பு நுழையவே நுழையாது.

மீன் அறுத்துட்டுப் போனா நரம்பு முனையப் பாருங்க. சுருள் சுருளா இருந்தா முடிச்சு அவுந்து வழுக்கியிருக்கு, சுத்து பத்தல இல்ல சரியா இறுகல. வெடுக்குனு வெட்டின மாதிரி இருந்தா நரம்பே அறுந்திருக்கு, மேல கொஞ்ச தூரம் விரலால தடவி சொரசொரப்பு இருக்கற வரைக்கும் வெட்டிட்டு மறுபடி கட்டுங்க.