கொண்டைக்குருவிக்கும் கொரோனா

தோசைக்கல்லில் முட்டையை உடைத்து ஊற்றினால் மஞ்சள்கரு நடுவில் குமிழாக நிற்க வேண்டும், வெள்ளைக்கரு அதைச் சுற்றிக் கொழகொழவென்று மேடு கட்ட வேண்டும். சில முட்டைகளில் வெள்ளைக்கரு தண்ணீராய்ப் பரவிவிடும். பழைய முட்டை என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் அதுதான் காரணமும்கூட. ஆனால் காலையில் இட்ட முட்டையே இப்படிப் பரவினால், மேலோடும் கோணல்மாணலாகச் சொரசொரத்துக் கிடந்தால், பண்ணைக்காரர்களுக்கு வேறு சந்தேகம் வரும். 'ஐ.பி.'யாக இருக்குமோ என்பார்கள். கோழிகளுக்கு வரும் தொற்று மூச்சுக்குழாய் அழற்சிக்கு அதுதான் சுருக்கப் பெயர். அதை உண்டாக்குவது ஒரு கொரோனா வைரஸ். மூச்சுக்குழாயோடு நிற்காமல் முட்டை உருவாகும் குழாயையும் அது புண்ணாக்கிவிடும். பெட்டை பிழைத்துக்கொண்டாலும் முட்டை பழையபடி இருக்காது.

2020-இல் உலகமே பெயரைக் கற்றுக்கொண்ட இந்த வைரஸ் குடும்பத்தின் கதை உண்மையில் கோழிக்குஞ்சுகளிடம் தொடங்கியது. 1931-இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிப்பதை ஷால்க், ஹான் என்ற இருவர் பதிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வைரஸைக் கருமுட்டைக்குள் வளர்க்கவும் கற்றுக்கொண்டார்கள். மனிதருக்குச் சளி பிடிக்க வைக்கும் கொரோனா வைரஸ்கள் கண்ணில் பட்டது 1960-களில்தான். அதற்கு முன்பே ஜூன் அல்மெய்டா என்ற பெண்மணி கோழி வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்து ஒரு கட்டுரை எழுதினார். 'இது இன்ஃப்ளுயன்சாவின் மோசமான படம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பிறகு மனிதச் சளி வைரஸும் அதே தோற்றத்தில் வந்து நின்றபோது, 1968-இல் அவரும் சளி வைரஸ் ஆய்வாளர் டேவிட் டிரெல் முதலானோரும் சேர்ந்து இந்தக் குடும்பத்துக்குக் கொரோனா என்று பெயர் வைத்தார்கள். சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தின் பெயர் அது.

கோழிக்கு வருகிறது என்றால் கொக்குக்கும் குருவிக்கும் வராதா? இந்தக் கேள்வி ரொம்ப நாள் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கோழிக்கு விலை இருக்கிறது, குருவிக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம் என்று நினைக்கிறேன். 2003-இல் சார்ஸ் என்ற கொரோனா நோய் வந்து எல்லோரையும் உலுக்கிய பிறகே காட்டு உயிர்களைத் துழாவ ஆரம்பித்தார்கள். வௌவால்களின் கதை நமக்குத் தெரியும். பறவைகளின் கதை அவ்வளவாக வெளியே வரவில்லை.

தேடும் முறை எளிது. வலையில் பிடித்த பறவையை ஒரு கையில் மென்மையாக அணைத்துக்கொண்டு, பஞ்சுக்குச்சியை எச்சத்துளைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள். குச்சியை ஒரு சின்னக் குப்பியில் இருக்கும் திரவத்தில் போட்டுக் குளிரில் வைத்துவிட்டால், பறவை பறந்துபோகலாம். அப்புறம் ஆய்வகத்தில் பி.சி.ஆர். சோதனை. பறவைக் காய்ச்சலைக் கண்காணிப்பதற்காக எடுத்து வைத்திருந்த குப்பிகளே பல நாடுகளில் இந்தத் தேடலுக்கும் உதவின.

ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு 2009-இல் கொண்டைக்குருவி, பூங்குருவி, சில்லை ஆகிய மூன்றிடமும் யாரும் அறியாத கொரோனா வைரஸ்களைக் கண்டது. 2012-இல் வெள்ளைக்கண்ணி, சிட்டு, குண்டுகரிச்சான், வக்கா, தாழைக்கோழி என்று பட்டியல் நீண்டது. நம் வீட்டுக் கொல்லையில் வாலைத் தூக்கிக்கொண்டு விசிலடிக்கும் அதே குண்டுகரிச்சான்தான். இவற்றையெல்லாம் சேர்த்து டெல்டா என்று ஒரு தனிப் பிரிவே உருவானது. இப்போது கணக்கு இப்படி: ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டும் பாலூட்டிகளின் பக்கம், காமா, டெல்டா என்ற இரண்டும் பெரும்பாலும் பறவைகளின் பக்கம். கோவிட் வைரஸ் பீட்டாவைச் சேர்ந்தது. அதைக் கோழிக்கும் வாத்துக்கும் வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. (2021-இல் பேசப்பட்ட 'டெல்டா' கோவிட் திரிபுக்கும் இந்த டெல்டாவுக்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது.)

வாத்து, உள்ளான், கடற்காகம் போன்ற நீர்ப்பறவைகளிடம் காமா வகை சர்வ சாதாரணம். அந்த வாத்தைப் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல முடியாது. மேய்கிறது, நீந்துகிறது, பறக்கிறது. வைரஸ் குடலில் பெருகி எச்சத்தோடு குட்டையில் கலக்கிறது. அதே நீரை அலகால் சலித்துத் தின்னும் அடுத்த வாத்துக்குப் போகிறது. ஒரே வாத்து வைரஸைக் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து போகிறது என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. வலசைப் பாதையில் பறவைகள் இறங்கி இளைப்பாறும் ஒவ்வொரு நீர்நிலையிலும் கைமாறிக் கைமாறிப் போனாலே போதும், அஞ்சலோட்டம் மாதிரி. ஆசியாவும் அமெரிக்காவும் எட்டிப் பார்த்துக்கொள்ளும் பெரிங் நீரிணைப் பகுதியிலேயே பறவைகளிடம் இவற்றைக் கண்டிருக்கிறார்கள்.

பலவகைப் பறவைகள் ஒரே குட்டையில் கூடுவதால் இன்னொன்றும் நடக்கிறது. கொரோனா வைரஸின் மரபுச்செய்தி ஏறக்குறைய 30,000 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. இழை. ஆர்.என்.ஏ. வைரஸுக்கு இது மிக நீளம். எழுதியதைத் திரும்பப் பார்த்துப் பிழை திருத்தும் நொதி ஒன்றைத் தன்னோடு வைத்திருப்பதால்தான் இவ்வளவு நீளம் அதற்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் நகலெடுக்கும் நொதிக்கு ஒரு விசித்திரப் பழக்கம். வைரஸின் புரதங்களுக்கான சிறு செய்திகளைத் தயாரிக்கும்போது, நடுவில் எழுதுவதை நிறுத்திவிட்டு இழையின் மறுமுனைக்குத் தாவி அங்கிருந்து தொடரும். இந்தத் தாவல் விபத்தல்ல, அதன் அன்றாட வேலை. ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் நுழைந்திருந்தால் என்ன ஆகும்? தாவும்போது சில சமயம் பக்கத்து இழையில் போய் இறங்கிவிடும். இரண்டு நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு எழுதும் மாணவன், வரி மாறி மற்ற நோட்டிலிருந்து எழுதுவதைப் போல. பாதி அவனுடையது, பாதி இவனுடையது. பெரும்பாலான கலவைகள் உளறலாகத்தான் முடியும். எப்போதாவது ஒன்று அர்த்தத்தோடு வரும்.

வான்கோழி கொரோனா வைரஸ் அப்படி வந்த ஒன்று. அதன் உடம்பு முழுக்கக் கோழி வைரஸுக்கு நெருங்கிய உறவு, ஸ்பைக் புரதம் மட்டும் வேறு எங்கோ வாங்கியது. செல்லின் கதவைத் திறக்கும் சாவி அந்த ஸ்பைக்தான். சாவி மாறியதும் வீடும் மாறியது: கோழியின் மூச்சுக்குழாய்க்குப் பதில் வான்கோழியின் குடல், இருமலுக்குப் பதில் கழிச்சல்.

இந்தக் குடும்பத்துக்கு வயது என்ன? மரபெழுத்து மாறும் வேகத்தை வைத்து 2012-இல் போட்ட கணக்கில் நான்கு பிரிவுகளின் பொது மூதாதைக்குச் சுமார் 10,000 ஆண்டு வயது வந்தது. அடுத்த ஆண்டே வெர்தைம் என்ற ஆய்வாளரின் குழு அதைப் புரட்டிப் போட்டது. வைரஸுக்கு வாழ்வு தரும் புரதங்கள் சில எழுத்துகளை மாற்ற விடுவதே இல்லை. சில இடங்களில் எழுத்து மாறி மாறிப் பழைய தடமே அழிந்துவிடுகிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் வருகிறது. அவர்களின் மதிப்பீடு ஏறத்தாழ 29 கோடி. என் சாய்வு இரண்டாவது பக்கம். பறவையின் உடம்பில் நோயே தெரியாமல் குடியிருக்கும் பக்குவம் நேற்று முளைத்த வைரஸுக்கு வராது.

பறவைகளோடே இருந்துவிடுமா என்றால் இல்லை. துபாயில் வல்லூறு, புறா, கானமயிலின் உறவான ஹுபாரா ஆகிய மூன்றிடமும் ஒரே டெல்டா இனம் கிடைத்தது. மற்ற இரண்டையும் வல்லூறு அடித்துத் தின்னும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே காடையிடம் கிடைத்த இன்னொரு வைரஸ், சிட்டின் வைரஸோடும் பன்றியின் வைரஸோடும் ஒரே இனமாக நின்றது. அந்தப் பன்றி வைரஸ் 2014-இல் அமெரிக்காவின் ஒஹையோ பண்ணைகளில் குட்டிகளுக்குக் கடும் கழிச்சலைக் கொடுத்தது. அது திறக்கும் கதவு, குடல் செல்களின் மேலிருக்கும் அமினோபெப்டிடேஸ் என் என்ற புரதம். இந்தப் புரதம் பன்றி, கோழி, பூனை, மனிதன் எல்லோரிடமும் உண்டு. சோதனையில் நான்கு பேருடைய கதவையும் அந்தச் சாவி திறந்தது.

ஹைட்டியில் 2014, 2015-இல் காய்ச்சலோடு வந்த பிள்ளைகளின் ரத்த மாதிரிகளில் மூன்றில் இந்தப் பன்றி வைரஸ் இருந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. மூன்றும் ஒரே வம்சமல்ல. குறைந்தது இரண்டு தடவை, தனித்தனியாகத் தாவி வந்திருக்கிறது.