வீட்டுப்பள்ளியா, வீட்டுக்கல்வியா?

ஹோம்ஸ்கூலிங் என்பதை ‘வீட்டுப்பள்ளி’ என்று எழுதும் பழக்கம் பரவிவிட்டது. செய்திக் கட்டுரையிலும் இதுதான், பெற்றோருக்கான கையேட்டிலும் இதுதான். இந்தச் சொல் பிழை. கேட்கிறவரைத் தப்பான எண்ணத்துக்கும் கொண்டுபோகிறது.

பொருள் எளியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல், பெற்றோரே பொறுப்பேற்று வீட்டில் படிக்க வைப்பது. அமெரிக்காவில் 1970களுக்குப் பின் பரவிய வழக்கு இது. ஹோம்ஸ்கூலிங் என்ற கூட்டுச்சொல்லில் ஸ்கூல் என்பது கட்டடத்தைச் சுட்டவில்லை, கற்பிக்கும் செயலைச் சுட்டுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் வினையைப் பெயராக எடுத்துக்கொண்டு ‘பள்ளி’ என்று போட்டுவிட்டார்கள்.

தமிழில் பள்ளி பெரும்பாலும் ஓர் இடம். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலூர் பக்கம் மாங்குளத்துக் குன்றில், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, சமணத் துறவிக்கு அமைத்துக் கொடுத்த உறைவிடத்தைப் பள்ளி என்கிறது. கீழக்குயில்குடி சமணமலையிலும் பள்ளி உண்டு. மீனாட்சியம்மன் கோயிலில் இரவு கடைசியாக நடப்பது பள்ளியறைப் பூசை. தொழும் இடம் பள்ளிவாசல். துறவி தங்கினாலும், சாமி உறங்கினாலும், பிள்ளைகள் படித்தாலும் பள்ளி என்றால் நாலு பேருக்குத் தெரிந்த ஓர் இடம். அப்படியானால் ‘வீட்டுப்பள்ளி’ என்பது வீட்டுக்குள் நடக்கும் பள்ளி. ஒரு வீட்டு மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து யாரோ வகுப்பு எடுக்கிறார்கள் என்றோ, டியூஷன் என்றோதான் கேட்பவர் நினைப்பார்.

சட்டத்தின் பக்கம் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. மீறினால் பெற்றோருக்குத் தண்டனை என்ன என்று அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் 18ஆம் பிரிவு கண்டிப்பானது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அதன் பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. தன் பிள்ளையைத் தானே படிக்க வைக்கும் தாய் ‘வீட்டுப்பள்ளி நடத்துகிறேன்’ என்று சொன்னால், தனக்குப் பொருந்தாத பிரிவைத் தானே வாசலுக்கு அழைக்கிறார். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிள்ளையின் பெயர் பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸின் பொதுத் தொகுப்பில் நிற்கும். வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை என்றால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் வீட்டுக்கு ஆள் வரும். ‘வீட்டுப்பள்ளி’ என்று பதில் சொன்னால் ‘அது எந்தப் பள்ளி?’ என்றுதான் அடுத்த கேள்வி.

சிலர் ‘இல்லக்கல்வி’ என்கிறார்கள். வீடு என்ற சொல் தாழ்ந்தது, இல்லம் உயர்ந்தது என்ற எண்ணம் மொழிபெயர்ப்பாளர்களை விடுவதில்லை. இன்றைய வழக்கில் இல்லம் என்றதும் முதியோர் இல்லமும் குழந்தைகள் இல்லமும் நினைவுக்கு வருகின்றன. பேச்சில் ‘இல்ல’ என்பது மறுப்பு. போதாததற்கு, 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ வேறு இருக்கிறது. அது கொரோனாவால் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் எடுத்த வகுப்பு.

‘திண்ணைக் கல்வி’ என்று பழம்பெருமையோடு இணைப்பதும் பொருந்தாது. திண்ணை வாத்தியாருடையது, ஊர்ப் பிள்ளைகள் அங்கே போனார்கள். குருகுலத்தில் பிள்ளை பெற்றோரை விட்டு ஆசிரியர் வீட்டில் தங்கியது. இரண்டிலும் கற்பித்தவர் பெற்றோர் இல்லை.

சரியான சொல் ‘வீட்டுக்கல்வி’. வீட்டுச் சாப்பாடு, கடைச் சாப்பாடு என்று பிரிக்கிறோமே, அதே இலக்கணம்தான்: பொருள் ஒன்று, ஆக்கும் இடமும் ஆளும் வேறு. ‘வீட்டுலயே வச்சுப் படிக்க வைக்கிறாங்க’ என்ற மதுரைப் பேச்சிலிருந்து ஓர் எட்டு வைத்தால் வந்து சேரும் சொல். கடுமையான ஊனமோ பல்வகை ஊனமோ உள்ள பிள்ளைகள் வீட்டிலேயே கல்வி பெறத் தேர்ந்துகொள்ளலாம் என்று 2012 திருத்தம் உரிமை தந்தது. அது அரசு ஏற்பாடு. அதை ‘வீடுசார் கல்வி’ என்று தனியே குறித்தால் இரண்டும் கலக்காது.

சொல் தெளிவானால் வீட்டுக்கல்விக்கு வரும் எதிர்ப்பும் தெளிவாகும். ‘பள்ளிக்கூடம் போகலைன்னா பிள்ளைக்குச் சேக்காளி யாரு?’ என்று கேட்கும் அப்பத்தாவின் கேள்வியில் நியாயம் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கியது. இங்கே பல வீடுகளுக்குப் பள்ளி என்பது சோறும் சேர்ந்ததுதான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, பெண்பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் உதவி. வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு இவை கிடைக்காது. சான்றிதழுக்கு வழி உண்டு: தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்ததும் 5 பாடங்களோடு பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவோர், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதியத் தவறினால் அந்த ஆண்டு போய்விடும்.

வீட்டுக்கல்வி பற்றிய கட்டுரைகளில், எல்லாப் பிள்ளைகளும் போகும் பள்ளியைப் ‘பாரம்பரியப் பள்ளி’ என்று எழுதுவதும் சகிக்கவில்லை. அதைப் படிக்கும் தமிழருக்கு வேத பாடசாலையோ திண்ணையோதான் தோன்றும். ‘வழக்கமான பள்ளி’ என்றால் போதும், பல இடங்களில் ‘பள்ளிக்கூடம்’ என்றாலே போதும். பாடத்திட்டமே வைக்காமல் பிள்ளையின் ஆர்வத்தின் பின்னே போகும் அன்ஸ்கூலிங் முறைக்குப் ‘பள்ளிநீக்கம்’ என்று ஒரு சொல் போடுகிறார்கள். தப்புச் செய்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதற்கல்லவா அந்தப் பெயர்? ‘தன்போக்குக் கல்வி’ என்று எழுதுங்கள்.