துவாதசிக் கீரையும் இரத்தக் கசிவும்

இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்ளும் தம் கணவர், ஏகாதசிக்கு மறுநாள் அகத்திக்கீரை சாப்பிட்டால் இரத்தம் கசியுமா என்று திருவிடைமருதூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கீரையால் நேர்வது அதற்கு எதிரானது. ஆனாலும் கசிவுக்கு அது வழிதிறந்துவிடக்கூடும்.

இரத்தத்தை உறையவைக்கக் கல்லீரல் உண்டாக்கும் புரதங்களான உறைவுக் காரணிகளுள் 2, 7, 9, 10 ஆகிய நான்கும் வைட்டமின் கே இன்றிப் பயன்படா. அவற்றின் குளுட்டமிக் அமிலக் கண்ணிகளில் இன்னொரு கார்பாக்சில் தொகுதி ஏறினால்தான், வயல் நண்டின் கொடுக்கைப் போல இரு முனைகளால் கால்சியத்தைக் கவ்விக்கொண்டு, காயம்பட்ட இடத்தை அடைக்கத் திரளும் இரத்தத் தட்டணுக்களின் மேல் அவை ஒட்டமுடியும். அத்தொகுதியை ஏற்றும் ஒவ்வொரு முறையும் வைட்டமின் கே ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலிழக்கிறது. அதை மீட்கும் நொதியைத்தான் வார்ஃபரின் முடக்குகிறது. கொடுக்கில்லாத நண்டுகள் இரத்தத்தில் உலவும், எதையும் பற்றமாட்டா. கொடுக்குடன் ஏற்கெனவே உலவுபவை தீரவும் வேண்டுமே: 7ஆம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிறது, 2ஆம் காரணிக்கோ இரண்டரை நாள் அளவுக்கு ஆகிறது. ஆகவே இன்று மாற்றிய மாத்திரையின் முழு விளைவு பல நாள் கழித்தே தெரியும்.

கரும்பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. வழக்கமாகக் கீரை தொடாதவர் துவாதசியன்று நிறைய உண்டால், இரத்தம் உறைய ஆகும் தாமதத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் 2-3 என்ற இலக்குக்குக் கீழே இறங்கலாம். அந்த வேளையில் பரிசோதனை அமைந்தால் மாத்திரை கூட்டப்படும். பிறகு கீரையே இல்லாத நாட்களில் எண் இலக்கைத் தாண்டி ஏறும், கசிவு அப்போது வரும். அகத்தி மருந்தை முறிக்கும் என்ற பேச்சை எல்லா மருந்துக்கும் பொருத்துவதை நான் ஏற்பதில்லை. இந்த ஒரு மருந்துக்கு அது பலித்துவிடுகிறது. அதற்காகக் கீரையை விலக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டு, அதை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

புறநோயாளர் பிரிவில் கசிவு அபாயத்தை மதிப்பிட மருத்துவர்கள் பார்க்கும் ஹேஸ்-பிளெட் கணக்கில் இந்த ஊசலாட்டத்துக்கே ஒரு மதிப்பெண் உண்டு. 160-ஐத் தாண்டிய மேல் இரத்த அழுத்தம், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு, முன்பு வந்த பக்கவாதம், பழைய இரத்தக் கசிவு, 65-க்கு மேற்பட்ட வயது, மது, வலி மாத்திரை ஆகியவை மற்றவை. மொத்தம் 3-ஐத் தொட்டால் மருந்தை நிறுத்தச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திருத்தக்கூடியதைத் திருத்தி, அடிக்கடி கண்காணிக்கவே அது சொல்கிறது. விரல்நுனி இரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் சிறு கருவியை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வாங்கித் தருவது, புதுக் கட்டடங்களுக்கு முன்பே செய்யவேண்டிய செலவு என்பது என் கருத்து.

வாசகி கேட்காத ஒன்றும் உண்டு. நடவு முடிந்த இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் டைக்ளோஃபெனாக், இரைப்பையின் காப்புப் படலத்தை அரிப்பதோடு தட்டணுக்களையும் தளர்த்துவதால், ஐ.என்.ஆர். சரியாக இருக்கும்போதே மலம் தார்போலக் கறுத்துவரும் அளவுக்குக் கசிவை உண்டாக்க வல்லது.