அந்தப் படகில் ‘நாமா’, ‘நாங்களா’?

கணினி இவ்வளவு வளர்ந்த பிறகும் பைபிளை ஒரு சிறிய மொழிக்குக் கொண்டுபோக ஏன் வருஷக்கணக்கில் ஆகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தெபேவாவை வைத்துச் சொல்கிறேன். மெக்சிகோவின் இடால்கோ, வெராக்ரூஸ் மாநிலங்களின் மலையூர்களில் பேசப்படும் மூன்று மொழிகளுக்கு அந்தப் பெயர். மூன்றையும் சேர்த்தாலும் பேசுவோர் 10,000 பேருக்கும் குறைவு. டோட்டோனாக் மொழிகள் இவற்றின் பங்காளிகள்.

அங்குள்ள ஒலிகளுக்கு எழுத்து அமைப்பது, அகராதி தொகுப்பது எல்லாம் நீங்களே ஊகிக்கக்கூடியவை. எனக்குப் பிடித்த இடம் வேறு.

மாற்கு 4-ஆம் அதிகாரம். புயல் அடிக்கிறது, படகில் தண்ணீர் நிரம்புகிறது. இயேசுவோ பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பி, சாகப்போவதாகக் கதறுகிறார்கள். அவரையும் சேர்த்தா, அவரை விட்டுவிட்டா? கிரேக்க மூலத்தில் இருப்பது ஒற்றை வினைச்சொல்; அது இதைச் சொல்வதில்லை. ஸ்பானிஷும் சொல்லாது.

தமிழுக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ உண்டு. ஆனால் தப்பிக்க வழியும் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பு மாற்குவில் ‘நாங்கள் மடிந்துபோகிறது’ என்கிறது. இதே காட்சி லூக்காவில் வரும்போது வெறும் ‘மடிந்துபோகிறோம்’. ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொது என்பதால் அங்கே பிரச்சினையே எழவில்லை.

தெபேவாவில் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. வினைக்கு முன்னால் ‘க்’ வந்தால் நான். பின்னால் ‘வ்’ வந்தால் நாம். இரண்டும் வந்தால் நாங்கள்! ‘நாம்’ மேல் ‘நான்’ ஏறி உட்கார்ந்ததும் கேட்பவர் வெளியே போய்விடுகிறார். எத்தனை அழகான சிக்கனம்! வினையே இப்படிப் பிரித்துவிடுவதால் மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தே ஆகவேண்டும். ‘நாம்’ என்றால் சீடர்கள் அவரும் மூழ்குவார் என்று பயந்தார்கள். ‘நாங்கள்’ என்றால் அவருக்கு ஆபத்தில்லை என்று நம்பினார்கள். ஒரு மெய்யெழுத்தில் அவர்களுடைய விசுவாசமே மாறிவிடுகிறது.

இம்மாதிரி நுட்பங்களைப் பதிவுசெய்யும் வேலையில் பெரும்பகுதியைப் பல பத்தாண்டுகளாக மிஷனரி மொழியியலாளர்களே செய்தார்கள். 2003-இல் மெக்சிகோ தன் பழங்குடி மொழிகளைத் தேசிய மொழிகளாகச் சட்டத்தில் ஏற்றது. அப்படியானால் இலக்கணமும் அகராதியும் அரசுப் பணத்தில்தான் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, காலம் ஏன் ஆகிறது? வசனத்தை எழுதிய பிறகு, அதை முன்பு கேட்டிராத ஒருவரிடம் வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும்: “படகு கவிழ்ந்தால் யார் யார் சாவார்கள் என்று புரிந்தது?” இப்படி ஒவ்வொரு வசனத்துக்கும்.