கண்ணுக்குள் வைக்கும் மருந்துக் குச்சி

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்தால், கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கும். சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிர். விட்டது கண்ணில், கசப்பது தொண்டையிலா? கண்ணின் உள்மூலையில் ஒரு மெல்லிய வடிகால் இருக்கிறது. அது மூக்குக்குள் போய்த் திறக்கிறது. அழுதால் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். கண்ணுக்கென்று விட்ட மருந்தில் ஒரு பங்கைத்தான் தொண்டையில் ருசி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு சொட்டு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேல் சாதாரணமாக நிற்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர்தான். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் வடிகாலில் இறங்கும். தங்குவதும் சுலபமாக உள்ளே போய்விடாது. கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் கருவிழிப் படலத்தின் மேலடுக்கு எண்ணெய்ப்பசையை விரும்பும். அதற்குக் கீழே இருக்கும் அடுக்கு தண்ணீரை விரும்பும். இரண்டுக்கும் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும் மருந்து அபூர்வம். விட்டதில் 5 சதவீதம் கூட உள்ளே சேர்வதில்லை. சேர்வதும் கண்ணின் முன்பகுதியோடு நின்றுவிடும். பின்னால் இருக்கும் விழித்திரைக்கு ஏதாவது எட்டினால் அதிர்ஷ்டம்.

சரி, மாத்திரை விழுங்கலாமே? மூளைக்கு இருப்பது போலவே விழித்திரையின் ரத்தக் குழாய்களுக்கும் ஒரு கடுமையான காவல் உண்டு. ரத்தத்தில் வரும் பெரும்பாலான மருந்துகளை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

மிஞ்சியது ஊசி. மரத்துப்போகச் செய்துவிட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக உள்ளே இருக்கும் கூழுக்குள் மருந்தைச் செலுத்துவார்கள். கேட்கத்தான் பயமாக இருக்கும். சில நிமிட வேலை. ஆனால் அந்தக் கூழ் மொத்தமே 4 மில்லிலிட்டர். வீக்கத்தை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கரைசலாக அங்கே செலுத்தினால் சில மணி நேரத்திலேயே பாதி போய்விடுகிறது. விழித்திரை வீக்கமோ மாதக்கணக்கில் நீடிக்கும் நோய். மருந்தை உள்ளே கொண்டுபோகும் வழி தெரிந்துவிட்டது. அதைத் தாமதமாக வெளியே விடுவதுதான் பாடாக இருந்தது.

இந்தத் தாமதத்தை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கலிபோர்னியாவின் ஆல்சா நிறுவனம். 1974இல் வந்த அதன் 'ஆக்குசெர்ட்' கண்ணுக்குள் வைப்பதல்ல, கீழ் இமைக்குள் செருகிக்கொள்வது. இரண்டு பிளாஸ்டிக் சவ்வுகள், நடுவில் கண் அழுத்தத்துக்கான பைலோகார்ப்பின். ஒரு வாரம் முழுக்க மணிக்கு 20 மைக்ரோகிராம் கசியும். பெருக்கிப் பார்த்தால் வாரத்துக்கு 3.4 மில்லிகிராம்கூட இல்லை. அதே மருந்தை 2 சதவீதச் சொட்டாக ஒரு நாளைக்கு 4 முறை விட்டால் வாரத்துக்கு 28 மில்லிகிராம் வரை ஆகும். எட்டில் ஒரு பங்கு மருந்தில் அதே வேலை! இருந்தும் அது சந்தையில் நிற்கவில்லை. வயதானவர்களுக்குச் செருகத் தெரியவில்லை. தூக்கத்தில் நழுவி விழுந்துவிடும், விழுந்ததே தெரியாது.

அது எப்படி ஒரே அளவில் கசிகிறது? சிவன் கோயிலில் லிங்கத்தின் மேல் தொங்கும் தாரா பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறையக் குறைய அடியில் அழுத்தம் குறைந்து சொட்டும் மந்தமாகும். மருந்துக்கு அது சரிவராது. இங்கே கைகொடுப்பது உப்பு ஜாடியின் குணம். ஜாடியின் அடியில் கரையாத உப்பு கிடக்கும் வரை மேலே உள்ள தண்ணீரின் உவர்ப்பு மாறாது; எடுக்க எடுக்க அடியில் இருப்பது கரைந்து ஈடுகட்டும். சவ்வுக்குள் கரையாத மருந்து மிச்சமிருக்கும் வரை, உள்ளே செறிவு ஒரே நிலையில் நிற்கும். அதனால் வெளியே கசியும் வேகமும் ஏறத்தாழ அப்படியே நிற்கும்.

2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ரெட்டிசெர்ட்' இந்தக் குணத்தைக் கண்ணுக்குள்ளேயே கொண்டுபோனது. தண்ணீரில் மிக அரிதாகவே கரையும் ஃப்ளூவோசினோலோன் என்ற ஸ்டீராய்டு, வெறும் 0.59 மில்லிகிராம். இரண்டரை ஆண்டுகள் வரும். கண்ணின் உள் அழற்சிக்காக அறுவை சிகிச்சை செய்து தைத்துவைப்பார்கள். அழற்சி அடங்கியது உண்மைதான். ஆனால் இயற்கை லென்ஸ் இருந்த கண்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கண்புரை வந்தது. பலருக்குக் கண் அழுத்தம் ஏறி இன்னொரு அறுவை தேவைப்பட்டது. மருந்து மெதுவாக வந்தாலும் ஸ்டீராய்டு ஸ்டீராய்டுதான்.

இன்று சர்க்கரை நோயாளிகளின் விழித்திரை வீக்கத்துக்குப் போடும் 'ஓசர்டெக்ஸ்' வேறு ஜாதி. 6 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் கூட இல்லாத தடிமன். பென்சில் முனையின் ஒடிந்த துணுக்கு மாதிரி ஒரு குச்சி. அதற்குள் 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன். இதற்குச் சவ்வும் இல்லை, தையலும் இல்லை, ஊசியாலேயே உள்ளே தள்ளிவிடலாம். குச்சியே ஒரு பாலிமர். உடலில் தானாகக் கரையும் தையல் நூல்களுக்கும் இதே குடும்பத்துப் பொருள்தான். தண்ணீர் மெல்ல ஊடுருவி, பாலிமரின் நீண்ட சங்கிலிகளைக் கணு கணுவாக வெட்டுகிறது. குச்சி மேல்தோலிலிருந்து மட்டும் தேயாமல் உள்ளுக்குள்ளும் பொத்தலாகிறது. அந்தப் பொத்தல்கள் வழியே மருந்து வெளியேறுகிறது. மிஞ்சுவது லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும். அவற்றைக் கார்பன் டையாக்ஸைடாகவும் தண்ணீராகவும் மாற்றிவிட உடலுக்குத் தெரியும்.

இந்தக் குச்சிக்கு உப்பு ஜாடியின் நிதானம் கிடையாது. முதல் இரண்டு மாதம் தாராளமாகக் கொடுக்கும், அப்புறம் கை சுருங்கிவிடும். கண் அழுத்தம் ஏறுகிறவர்களுக்கும் அது இரண்டாம் மாதத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. லென்ஸோடு அதன் பின்னுறையும் இல்லாத கண்ணில் குச்சி முன்பக்கம் நழுவி வந்து கருவிழிப் படலத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் போடுவதற்கு முன் பழைய அறுவை பற்றி மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார்.

விழித்திரை நோய்க்கு ஊசியாகப் போடும் ரானிபிசுமாப் போன்ற புரத மருந்துகள் இந்த வழிக்கெல்லாம் வராது. பெரிய மூலக்கூறுகள், பாலிமருக்குள் பூட்டினால் கெட்டுப்போகும். அதற்காக வந்ததுதான் 2021இல் அனுமதி கிடைத்த 'சஸ்விமோ'. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய தொட்டி. கண் சுவரில் பொருத்திவிட்டு, 6 மாதத்துக்கு ஒருமுறை மேலே உள்ள அடைப்பானில் ஊசி குத்தி, பழையதை எடுத்துப் புதியதை நிரப்புவார்கள். நுண்துளைகள் கொண்ட ஓர் உலோகத் துண்டு வழியாக மருந்து கசியும். நல்ல யோசனைதான். ஆனால் பலமுறை குத்தினால் அந்த அடைப்பான் இடம் பெயர்கிறது என்று தெரிந்ததும், 2022இல் நிறுவனமே திரும்பப் பெற்றது. திருத்தி 2024இல் மறுபடி கொண்டுவந்தார்கள். மாதாமாதம் ஊசி போடுவதோடு ஒப்பிட்டால் கண்ணுக்குள் கிருமித்தொற்று மூன்று மடங்கு என்ற எச்சரிக்கை அதன் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி இருக்கிறது.

ஆக்குசெர்ட் பிடிக்காதவர் அதை விரலால் எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க முடிந்தது. ரெட்டிசெர்ட்டையோ சஸ்விமோவையோ வேண்டாமென்றால், மறுபடி அறுவை அரங்கில்தான் போய்ப் படுக்க வேண்டும்.